செப்பு தீர்ந்த ஊரின் கால்பந்து

1974 உலகக் கோப்பையில் சுவீடன் ஆறு ஆட்டங்கள் ஆடி ஏழு கோல் போட்டது. உருகுவேக்கு எதிராக மூன்று, மேற்கு ஜெர்மனிக்கு எதிராக இரண்டு, யூகோஸ்லாவியாவுக்கு எதிராக இரண்டு. போட்டவர்கள் மூன்றே பேர். ரால்ஃப் எட்ஸ்ட்ரோம் நான்கு, ரோலண்ட் சாண்ட்பெரி இரண்டு, கொன்னி டோர்ஸ்டென்சன் ஒன்று. கணக்கில் நான்காவது பெயர் கிடையாது. இந்த மூவரும் அதற்கு முந்தைய ஆண்டுவரை ஒரே சங்கத்தின் சட்டையைப் போட்டுக்கொண்டு ஆடியவர்கள்.

அதே போட்டியில், ஜூன் 19 அன்று டோர்ட்முண்ட் நகரில், உலகம் இன்றுவரை மறக்காத ஓர் அசைவு நிகழ்ந்தது. நெதர்லாந்தின் யோஹான் குரோய்ஃப் பந்தை உதைப்பதுபோல் காலை ஓங்கி, உதைக்காமல் தன் காலுக்குப் பின்னாலேயே இழுத்துத் திரும்பி ஓடினார். எதிரே நின்ற சுவீடன் தற்காப்பு வீரர் காற்றைத் துரத்தினார். அந்த வீரர் யான் ஓல்சன். தன்னை அப்படி ஏமாற்றியதைப் பற்றிப் பிற்காலத்தில் அவர் கசப்பில்லாமல், பெருமையாகவே பேசினார். அவரும் அதே சங்கத்துக்காரர்தான்.

அந்தச் சங்கம் தலைநகர் ஸ்டாக்ஹோமில் இல்லை. துறைமுக நகரான கோத்தன்பர்க்கிலும் இல்லை. தென்கிழக்குச் சுவீடனில் லின்ஷோப்பிங் நகரிலிருந்து சுமார் 35 கிலோமீட்டர் தள்ளி, காடும் ஏரியுமாகக் கிடக்கும் ஓட்விடபெரி என்ற ஊரில் இருக்கிறது. ஊரில் இன்றும் சுமார் 7,000 பேர்தான் வாழ்கிறார்கள். சங்கம் இப்போது கீழ் டிவிஷன்களில் ஆடுகிறது. அதன் ஆட்டத்தை வெளிநாட்டுத் தொலைக்காட்சி எதுவும் காட்டுவதில்லை. ஒரு காலத்தில் செல்சியை வெளியே தள்ளி, பயர்ன் மியூனிக்கைப் பெனால்டிவரை இழுத்துச் சென்ற சங்கம் இது. எப்படி ஏறியது, எப்படி இறங்கியது என்று பார்க்க வேண்டுமானால் முதலில் மண்ணுக்கு அடியில் போக வேண்டும்.

ஓட்விடபெரியின் நிலத்தடியில் செப்பு இருந்தது. இடைக்காலத்திலேயே தோண்டத் தொடங்கிவிட்டார்கள். 18ஆம் நூற்றாண்டில் ஆடெல்ஸ்வேர்ட் என்ற பிரபுக் குடும்பம் சுரங்கங்களையும் உலைகளையும் பெரிய தொழிலாக நடத்த ஆரம்பித்தது. 19ஆம் நூற்றாண்டில் சுவீடனின் முக்கியமான செப்பு ஊர்களில் இதுவும் ஒன்று. சுரங்கம், உலை, தொழிலாளர் வீடு, தேவாலயம் எல்லாம் ஒரே உடைமையாளரைச் சுற்றி அமைந்த இத்தகைய ஆலையூர்கள் சுவீடனில் நிறைய உண்டு. ஆலை நடந்தால் ஊர் நடக்கும், நின்றால் நிற்கும். 20ஆம் நூற்றாண்டு பிறக்கும் நேரத்தில் ஓட்விடபெரியின் செப்பு தீர்ந்துவிட்டது.

அப்போது உடைமையாளராக இருந்தவர் தியோடர் ஆடெல்ஸ்வேர்ட். பிறகு 1911 முதல் 1914 வரை சுவீடனின் நிதியமைச்சராக இருந்தவர். செப்பு போனாலும் காடு இருக்கிறதே என்று மரத் தொழிலைத் தூக்கி நிறுத்தப் பார்த்தார். மேசை, அலமாரி, நாற்காலி என்று அலுவலகச் சாமான்கள் செய்யும் தச்சுப் பட்டறைகள் எழுந்தன. சுரங்கத்தில் இறங்கிய குடும்பங்களின் பிள்ளைகள் இழைப்புளி பிடித்தார்கள். ஊர் ஒரு பிழைப்பிலிருந்து இன்னொன்றுக்கு மாறிக்கொண்டிருந்த அந்த இடைவெளியில், 1907 ஜூலை 1ஆம் தேதி, விளையாட்டுச் சங்கம் பிறந்தது.

அந்தக் காலத்துச் சுவீடனில் சங்கம் கட்டுவது ஒரு பழக்கமாகவே வேரூன்றியிருந்தது. மதுவிலக்குச் சங்கம், அரசுத் திருச்சபைக்கு வெளியே இயங்கிய பிரார்த்தனைச் சபைகள், தொழிற்சங்கம், நுகர்வோர் கூட்டுறவு என்று எல்லாவற்றுக்கும் மக்கள் கூடினார்கள், சந்தா கட்டினார்கள், ஆண்டுக்கொரு முறை கூட்டம் போட்டுப் பொறுப்பாளர்களைத் தேர்ந்தெடுத்தார்கள். விளையாட்டும் அதே வழியில்தான் வந்தது. இதை நான் அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. ஓட்விடபெரியின் கால்பந்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் அதை ஒரு கம்பெனியின் அணி என்றே சொல்லி முடித்துவிடுவார்கள். அந்தக் கம்பெனி வளர்ந்து பெரிதாவதற்கு முன்பே சங்கம் இருந்தது. தொடங்கியது ஊர்க்காரர்கள்.

கம்பெனி வந்த கதை வேறு. முதல் உலகப் போருக்குப் பிந்தைய நெருக்கடியில் மரத் தொழிலும் தடுமாறியது. 1922இல் எலோஃப் எரிக்சன் என்பவர் பொறுப்பேற்றார். தச்சுப் பட்டறைகளோடு அவர் கைக்கு வந்தது ஃபேசிட் என்ற கணக்குப் பொறி. கைப்பிடியைச் சுற்றிக் கூட்டவும் கழிக்கவும் பெருக்கவும் வகுக்கவும் செய்யும் இயந்திரம். அதுவரை இருந்த இவ்வகைப் பொறிகளில் ஒவ்வொரு இலக்கத்துக்கும் தனித்தனி நெம்புகோலை நகர்த்தி எண்ணை அமைக்க வேண்டும். கார்ல் ருடின் என்ற பொறியாளர் அதை மாற்றி, 0 முதல் 9 வரை பத்தே பொத்தான்களில் எண்ணை உள்ளே அனுப்பும் பொறியை வடிவமைத்தார். 1932இல் அது விற்பனைக்கு வந்தது. குமாஸ்தா கண்ணைத் தாளில் வைத்தபடியே ஒரு கையால் எண்ணைத் தட்டலாம், மறு கையால் கைப்பிடியைச் சுற்றலாம். வங்கி, ரயில்வே, காப்பீட்டு அலுவலகம், கப்பல் கம்பெனி என்று உலகெங்கும் அந்தச் சின்னப் பொறி போய் உட்கார்ந்தது.

1938இல் ஹால்டா தட்டச்சுப் பொறி ஆலையை வாங்கினார்கள். 1942இல் ஓட்னர் கணக்குப் பொறி நிறுவனத்தையும் வாங்கினார்கள். அலுவலகத்துக்குத் தேவையான மேசையும் மேசைமேல் இருக்க வேண்டிய பொறிகளும் ஒரே சிற்றூரிலிருந்து ஆளப்பட்டன.

தமிழ்நாட்டில் நடுவயதைத் தாண்டியவர்களுக்கு இந்தப் பெயர்கள் அந்நியமல்ல. தெருமுனை டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் லோயர், ஹையர் பரீட்சைக்குப் பழகியவர்கள் ரெமிங்டன், கோத்ரெஜ், ஹால்டா பொறிகளோடு ஃபேசிட்டையும் தட்டியிருப்பார்கள். சென்னைப் பெருங்குடியில் ஃபேசிட் ஏஷியா தொழிற்சாலை இருந்தது. தட்டச்சுப் பொறிகள் அங்கேயே உருவாகி வந்தன. அரசு வேலைக்கு விண்ணப்பிக்கத் தட்டச்சுச் சான்றிதழ் வாங்கிய எத்தனையோ பிள்ளைகளின் விரல்கள், தாங்கள் கேள்வியே பட்டிராத ஓர் ஊரின் தொழிலோடு இப்படித் தொடர்பு கொண்டன.

எலோஃபின் மகன் குன்னார் எரிக்சன் 1957இல் நிறுவனத்தின் தலைமைக்கு வந்தார். கால்பந்தின் மேல் அவருக்கு இருந்த பிடிப்பு சாதாரணமானதல்ல. சர்வதேச ஒலிம்பிக் குழுவில் 1965 முதல் 1996 வரை உறுப்பினராக இருந்தார். 1970களின் முதல் பாதியில் சுவீடன் கால்பந்துக் கழகத்தின் தலைவராகவும் இருந்தார். ஆனால் அவர் மனம் முதலில் இருந்தது தன் ஊரின் கொப்பர்வல்லன் மைதானத்தில்தான்.

சங்கம் அதற்கு முன்பே ஒரு முறை உச்சியை எட்டிப் பார்த்திருந்தது. நாட்டின் முதல் டிவிஷனான ஆல்ஸ்வென்ஸ்கானில் 1951-52 பருவத்தில் ஆடியது. ஒரே ஆண்டில் கீழே இறங்கிவிட்டது. மறுபடி ஏற 1968 ஆயிற்று.

அந்த இரண்டாவது ஏற்றத்துக்குப் பின்னால் ஒரு விதி மாற்றம் இருக்கிறது. சுவீடன் கால்பந்தில் நீண்ட காலம் ஆட்டக்காரர் பணம் வாங்கக் கூடாது. 1967இல்தான் அந்த விதி ஒழிந்தது. ஒழிந்த பிறகும் ஆட்டத்தை மட்டுமே நம்பிப் பிழைக்கும் அளவுக்குப் பணம் புரளவில்லை. நல்ல ஆட்டக்காரர் பெரிய நகரத்துக்குப் போனாலும் பகலில் ஏதாவது வேலை பார்க்கத்தான் வேண்டும். இங்கேதான் ஓட்விடபெரிக்கு ஒரு வசதி கிடைத்தது. ஸ்டாக்ஹோம் சங்கங்களால் உறுதியாகத் தர முடியாத ஒன்றை இந்த ஊரால் தர முடிந்தது: ஆலையில் வேலை. காலையில் அலுவலகம் அல்லது பட்டறை, மாலையில் பயிற்சி, இரண்டுக்கும் நடந்தே போகும் தூரம். உலகம் முழுக்க விற்பனைக் கிளைகள் வைத்திருந்த நிறுவனத்துக்கு, கால்பந்து தன் ஊரின் பெயரை எல்லோர் வாயிலும் வைக்கும் வழியாகவும் இருந்தது.

பணமும் வேலையும் இருந்தால் மட்டும் பட்டம் வந்துவிடாது. வசதியுள்ள ஆலையூர்கள் சுவீடனில் வேறும் இருந்தன. ஓட்விடபெரிக்கு ஆளைக் கண்டுபிடிக்கும் கண் இருந்தது. எட்ஸ்ட்ரோம், டேகர்ஃபோர்ஷ் என்ற இரும்பாலை ஊரிலிருந்து பதினெட்டு வயதில் வந்தார். நெட்டையான பையன், தலையால் முட்டினால் பந்து வலைக்குள். சாண்ட்பெரி வேறு மாதிரி. பெட்டிக்குள் எங்கே பந்து விழும் என்று முன்கூட்டியே மோப்பம் பிடித்து அங்கே நிற்பவர். இருவரும் சேர்ந்தது நாட்டின் மற்றச் சங்கங்களுக்குப் பெரிய தலைவலியாயிற்று.

1970இலும் 1971இலும் மால்மோவுக்கு அடுத்தபடியாக லீகில் இரண்டாமிடம். அந்த இரண்டு ஆண்டுகளிலும் சுவீடன் கோப்பை ஓட்விடபெரிக்கு. கோப்பையை வென்றதால் ஐரோப்பியக் கோப்பை வெற்றியாளர்களுக்கான போட்டியில் ஆடும் உரிமை வந்தது. 1971 அக்டோபரில் அதன் இரண்டாம் சுற்றில் எதிரே நின்றது லண்டனின் செல்சி.

அப்போதைய செல்சி சாதாரண அணியல்ல. அதே கோப்பையை அதே ஆண்டு மே மாதத்தில் ரியல் மாட்ரிட்டை வீழ்த்தி வென்றவர்கள். முதல் சுற்றில் லக்சம்பர்க்கின் ஒரு சிறு சங்கத்தை இரண்டு ஆட்டங்களில் சேர்த்து 21 கோலுக்குச் சின்னாபின்னமாக்கியிருந்தார்கள். பீட்டர் ஆஸ்குட் மட்டும் அதில் எட்டு. அடுத்து வந்தது பெயரை உச்சரிக்கவே லண்டன்காரர்கள் திணறிய ஒரு சிற்றூர். ஆட்டம் எப்படி முடியும் என்பதில் யாருக்கும் ஐயமிருந்திருக்காது.

சுவீடனில் நடந்த முதல் ஆட்டம் கோலில்லாமல் முடிந்தது. நவம்பர் 3 அன்று ஸ்டாம்ஃபர்ட் பிரிட்ஜில் இரண்டாவது. இடைவேளைக்குப் பின் ஆலன் ஹட்சன் செல்சியை முன்னுக்குக் கொண்டுவந்தார். பிறகு ஜான் ஹாலின்ஸுக்கு ஒரு பெனால்டி கிடைத்தது. அது உள்ளே போயிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். போகவில்லை. சற்று நேரத்தில் சாண்ட்பெரி சமன் செய்தார். மொத்தம் 1-1. அன்றைய விதிப்படி இரு ஆட்டங்களின் கூட்டு சமமானால் எதிரியின் மண்ணில் போட்ட கோலுக்கு மதிப்பு அதிகம். லண்டனில் விழுந்த அந்த ஒரு கோல் நடப்புச் சாம்பியனை வெளியேற்றிவிட்டது. ஐரோப்பியக் கால்பந்தில் சிற்றூர்கள் பெரிய பெயர்களைச் சாய்த்த கதைகள் பல உண்டு. ஆனால் அதிர்ஷ்டத்தால் ஒருமுறை வென்று மறைந்த கதையாக இதை எண்ண எனக்கு மனம் வரவில்லை. அடுத்தடுத்து நடந்தவை அதற்கு இடம் தரவில்லை.

1972இல் ஓட்விடபெரி ஆல்ஸ்வென்ஸ்கானை வென்றது. எட்ஸ்ட்ரோமும் சாண்ட்பெரியும் ஆளுக்கு 16 கோல் போட்டு, அந்தப் பருவத்தின் அதிக கோல் அடித்தவர் என்ற இடத்தைப் பங்கு போட்டுக்கொண்டார்கள். சுவீடனில் லீக் பட்டம் வென்ற மிகச் சிறிய ஊர்களில் ஒன்று என்ற பெயர் ஓட்விடபெரிக்கு நிலைத்தது. மறு ஆண்டு நடுவில் எட்ஸ்ட்ரோம் நெதர்லாந்தின் பிஎஸ்வி ஐந்தோவனுக்கும், சாண்ட்பெரி ஜெர்மனியின் கைசர்ஸ்லாட்டர்னுக்கும் போய்விட்டார்கள். முன்வரிசையின் இரண்டு தூண்களும் இல்லை. அப்படியும் 1973 பட்டம் ஓட்விடபெரிக்கே வந்தது. என் கணிப்பில் இந்த இரண்டாவது பட்டம்தான் முதலாவதைவிடப் பெரியது. இரண்டு நட்சத்திரங்களின் தோளில் ஏறி வந்த அணி இல்லை என்பதை அது காட்டியது.

அதே 1973 செப்டம்பரில் ஐரோப்பியச் சாம்பியன் கோப்பையின் முதல் சுற்று. எதிரணி பயர்ன் மியூனிக். பெக்கன்பாவர், கெர்ட் முல்லர், செப் மையர், ஊலி ஹோனெஸ். அடுத்த கோடையில் உலகக் கோப்பையைத் தூக்கப் போகிறவர்கள். மியூனிக்கில் பயர்ன் 3-1 என்று வென்றது. அக்டோபர் 3 அன்று சுவீடனில் ஓட்விடபெரி அதே 3-1ஐத் திருப்பிக் கொடுத்தது. டோர்ஸ்டென்சன் அதில் இரண்டு கோல். கூட்டு சமம், வெளியூர்க் கோலும் சமம். பெனால்டிக்குப் போயிற்று. பயர்ன் 4-3 என்று தப்பித்தது. அந்தப் பருவத்தின் முடிவில் அவர்களே ஐரோப்பியச் சாம்பியன். தொடர்ந்து மூன்று ஆண்டுகள் அந்தக் கோப்பை அவர்களிடமே இருந்தது. அந்தப் பெரும் வெற்றி வரிசை முதல் சுற்றிலேயே அறுந்து போக ஒரே ஒரு பெனால்டிதான் மிச்சமிருந்தது.

தங்களைக் கதிகலங்க வைத்தவரை பயர்ன் விட்டுவைக்கவில்லை. டோர்ஸ்டென்சனை வாங்கிக்கொண்டார்கள். அந்த மூன்று கோப்பைகளிலும் அவர் பங்கு உண்டு. வாசலில் தோற்கடிக்க வந்தவன் வீட்டுக்குள் போய் மருமகனான மாதிரி. சங்கத்துக்கோ அது நான்கைந்து மாதங்களில் மூன்றாவது இழப்பு.

இவ்வளவும் நடந்துகொண்டிருந்தபோது ஆலையில் என்ன நடந்தது?

ஃபேசிட் 1970 வாக்கில் உலகெங்கும் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோருக்கு வேலை தந்த நிறுவனம். பற்சக்கரமும் சுருள்வில்லும் நெம்புகோலும் கொண்ட பொறிகளைச் செய்வதில் அவர்களை மிஞ்ச ஆளில்லை. மின்னணுவியல் அவர்களுக்குத் தெரியாது என்று சொல்வதும் சரியல்ல. 1950களின் பிற்பகுதியிலேயே ஃபேசிட் ஒரு கணினியைச் செய்து வெளியிட்டது. 1960களில் ஜப்பானின் ஹயகாவா நிறுவனம் செய்த மின்னணுக் கணிப்பான்களை வாங்கித் தன் பெயர் பொறித்து விற்கவும் செய்தது. அந்த ஹயகாவாதான் இன்றைய ஷார்ப். வரப்போவதை விற்பனை மேசையிலேயே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஆனால் ஆலைகள், எந்திரங்கள், பயிற்சி பெற்ற கைகள், பழுது பார்க்கும் கிளைகள் எல்லாம் பற்சக்கரத்தைச் சுற்றியே கட்டப்பட்டவை. மின்னணுக் கணிப்பானில் அசையும் பாகங்களே கிடையாது. வேகமாகப் பெருக்கும், சத்தம் போடாது, ஆண்டுக்கு ஆண்டு விலையும் இறங்கும். 1970களின் தொடக்கத்தில் சில ஆண்டுகளுக்குள் இயந்திரக் கணக்குப் பொறியின் சந்தை கரைந்துபோனது. இன்றும் மேலாண்மை வகுப்புகளில் ஃபேசிட்டின் வீழ்ச்சி பாடமாக நடத்தப்படுகிறது.

1972-73 வாக்கில் நிறுவனம் வீட்டுச் சாதன நிறுவனமான எலெக்ட்ரோலக்ஸின் கைக்குப் போனது. சங்கம் நாட்டின் சாம்பியனாக நின்ற அதே காலம். திடலில் வெற்றிக் கூச்சல், ஆலையில் ஆட்குறைப்பு. இரண்டும் ஒரே குடும்பங்களுக்குள் நடந்தன என்பதை நினைத்தால் எனக்கு நெஞ்சு கனக்கிறது. ஞாயிற்றுக்கிழமை கொப்பர்வல்லனில் பட்டத்துக்காகக் கத்தியவர்களில் எத்தனையோ பேர் திங்கட்கிழமை தங்கள் பட்டறை இன்னும் எத்தனை நாள் ஓடும் என்று கேட்டுக்கொண்டிருந்திருப்பார்கள். எழுபதாண்டு இடைவெளியில் அந்த ஊருக்கு இது இரண்டாவது முறை. முதலில் செப்பு, இப்போது கணக்குப் பொறி.

வேகம் உடனே அற்றுவிடவில்லை. 1974-75 சாம்பியன் கோப்பையில் இரண்டு சுற்றுகளைக் கடந்து ஓட்விடபெரி காலிறுதி வரை போனது. அங்கே குரோய்ஃபும் நேஸ்கென்ஸும் இருந்த பார்சிலோனா 2-0, 3-0 என்று வென்றது. ஐரோப்பாவின் கடைசி எட்டு அணிகளில் ஒன்றாக நின்ற சிற்றூர் அதோடு அந்த மேடையை விட்டு இறங்கியது.

பிறகு சரிவு. சுவீடன் கால்பந்தும் அப்போது மாறிக்கொண்டிருந்தது. மால்மோ சங்கம் பாப் ஹாட்டன் என்ற இளம் ஆங்கிலேயப் பயிற்சியாளரைக் கொண்டுவந்தது. அவர் வரிசை கட்டி நிற்கும் தற்காப்பையும் ஓயாத நெருக்குதலையும் கற்பித்தார். 1974, 1975 பட்டங்கள் மால்மோவுக்குப் போயின. ஹாம்ஸ்டாட் சங்கத்தில் ராய் ஹாட்சன் அதே முறையை நடத்தினார். முறையான பயிற்சி, முழுநேர அமைப்பு, பெரிய நகரத்தின் கூட்டம், நுழைவுச் சீட்டு வருமானம் என்று காரியங்கள் போன பாதையில், ஆலை வேலையை நம்பி நின்ற ஊருக்கு இடம் குறுகியது. 1976இல் ஓட்விடபெரி முதல் டிவிஷனிலிருந்து இறங்கியது. 1978இல் திரும்பியது. 1982இல் மறுபடி இறங்கியது. அதன்பின் 27 பருவங்கள் அந்த மேடையை அது மிதிக்கவில்லை.

அந்த 27 ஆண்டுகளைப் பற்றி எழுத வெளியூர்க்காரர்களுக்கு அதிகம் கிடைக்காது. கோப்பை இல்லை, ஐரோப்பா இல்லை. இரண்டாவது, மூன்றாவது டிவிஷன்களில் மாறி மாறி ஆடினார்கள். ஆனால் சுவீடனில் கீழ் டிவிஷன் என்பது வெறும் காத்திருப்பு அறை இல்லை. நாட்டின் பெரும்பாலான கால்பந்து நடப்பதே அங்கேதான். மேலே ஆல்ஸ்வென்ஸ்கானில் 16 அணி, அடுத்து சூப்பர்எட்டனில் 16, அதற்குக் கீழே எட்டன் இரண்டு பிரிவுகளாக, அதற்கும் கீழே டிவிஷன் 2, 3, 4 என்று மாவட்ட அளவுவரை இறங்கும் ஏணி. எந்தப் படியில் இருக்கும் அணியும் ஆட்டத்தின் பலத்தால் ஏறலாம், எந்த அணியும் இறங்கியே தீர வேண்டிவரலாம். சங்கங்களின் செலவில் கணிசமான பகுதி தன்னார்வலர்களின் உழைப்பால் ஈடாகிறது. பிள்ளைகளின் பயிற்சிக்குப் பெற்றோரே பயிற்சியாளர்கள். ஆட்ட நாளில் காபியும் சாசேஜும் விற்பதும் அவர்களே. 1990களிலிருந்து பிங்கோலாட்டோ என்ற தொலைக்காட்சிக் குலுக்கலின் சீட்டுகளை வீடு வீடாக விற்றும் சங்கங்கள் பணம் திரட்டுகின்றன. ஆலை போன பிறகு ஓட்விடபெரியைப் போன்ற சங்கங்களைத் தாங்கியது இந்த வகை உழைப்புதான்.

2009இல் சூப்பர்எட்டனில் இரண்டாமிடம் பிடித்து ஓட்விடபெரி மறுபடி மேலே வந்தது. 2010 முழுக்கப் போராடியும் நிற்க முடியாமல் இறங்கியது. 2011இல் சூப்பர்எட்டனை வென்றே திரும்பியது. 2012 முதல் 2015 வரை நான்கு பருவங்கள் தாக்குப்பிடித்தது. இந்த நான்கு ஆண்டுகளை நான் எழுபதுகளின் பட்டங்களுக்கு அருகிலேயே வைப்பேன். அப்போது ஸ்டாக்ஹோமின் ஏஐகே 50,000 பேர் அமரும் புதிய அரங்கில் ஆடத் தொடங்கியிருந்தது. ஓட்விடபெரியின் மைதானம் சுமார் 8,000 பேருக்கானது. அதுவே ஊரின் மொத்த மக்கள்தொகையைவிட அதிகம். ஊரில் உள்ள கைக்குழந்தையும் கிழவியும் வந்து உட்கார்ந்தாலும் இடம் மீதியாகும். தொலைக்காட்சி உரிமையும் ஐரோப்பியப் பரிசுப் பணமும் பெரிய சங்கங்களை இன்னும் பெரிதாக்கிக்கொண்டிருந்த காலத்தில், பின்னால் ஒரு ஃபேசிட்டும் இல்லாமல், 7,000 பேர் ஊர் முதல் டிவிஷனில் நான்கு பருவம் தொடர்ந்து நின்றது. எழுபதுகளில் நிறுவனத்தின் கை தோளில் இருந்தது. இம்முறை இல்லை.

2015 பருவத்தின் முடிவில் பட்டியலின் உச்சியில் இருந்தது ஐஎஃப்கே நார்ஷோப்பிங். அடியில் 16ஆவதாக ஓட்விடபெரி. இரண்டும் ஓஸ்டர்யோட்லாந்து என்ற ஒரே மாகாணத்துச் சங்கங்கள். மாகாணம் ஒரே ஆண்டில் நாட்டின் முதல் இடத்தையும் கடைசி இடத்தையும் பிடித்தது. 2017 முடிவில் ஓட்விடபெரி சூப்பர்எட்டனிலிருந்தும் இறங்கி, மூன்றாவது படிக்குப் போனது. அதற்குப் பிறகு முதல் டிவிஷன் பக்கம் அது வரவில்லை.

இந்த இறக்கத்தைச் சோகக் கதையாகச் சொல்லும் வழக்கம் சுவீடனிலும் வெளியிலும் உண்டு. ஆலை செத்தது, அணியும் செத்தது என்பார்கள். எனக்கு அது ஒப்பவில்லை. தேதிகளை வரிசையாக வைத்துப் பாருங்கள். ஆலை கைமாறிய பிறகும் சங்கம் ஒரு லீக் பட்டத்தை வென்றது, ஐரோப்பியக் காலிறுதி ஆடியது, முப்பத்தைந்து ஆண்டு கழித்து இரண்டு முறை உச்சிக்குத் திரும்பியது. ஃபேசிட்டோ எலெக்ட்ரோலக்ஸிடமிருந்து 1983இல் எரிக்சன் தொலைத்தொடர்பு நிறுவனத்துக்குக் கைமாறி, மெல்ல மெல்லப் பெயரளவுக்குத் தேய்ந்தது. ஆயுள் கணக்கில் முந்தியது எது என்பதில் குழப்பமில்லை. ஏழாயிரம் பேர் ஊருக்கு மூன்றாவது, நான்காவது டிவிஷன் என்பது இயல்பான இடம்கூட. சுவீடனில் அதே அளவுள்ள மற்ற ஊர்களின் சங்கங்கள் பலவும் அங்கேயோ அதற்கும் கீழேயோதான் ஆடுகின்றன. வியக்க வேண்டியது அது ஏறியதைத்தான், இறங்கியதை அல்ல.

ஐரோப்பாவில் பல நாடுகளில் இத்தகைய பழம்பெயர்களைப் பணக்காரர் ஒருவர் விலைக்கு வாங்கி ஒரே தாவில் மேலே ஏற்ற முயல்வார். பணம் தீர்ந்ததும் கைவிட்டுப் போவார். சுவீடனில் அந்த வழி அடைபட்டிருக்கிறது. 1990களின் இறுதியில் சங்கங்கள் தங்கள் ஆட்டப் பிரிவைக் கம்பெனியாகப் பதிவு செய்துகொள்ள அனுமதி வந்தபோது, வாக்குரிமையில் 51 விழுக்காடு உறுப்பினர்களின் சங்கத்திடமே இருக்க வேண்டும் என்று விதித்தார்கள். அதை நீக்க முயற்சிகள் நடந்தன. ரசிகர்கள் கூடி எதிர்த்து 2013இல் விதியைக் காப்பாற்றினார்கள். மால்மோவுக்கும் இதே விதி, கடைசி டிவிஷனில் ஆடும் கிராமத்துச் சங்கத்துக்கும் இதே விதி. ஆண்டுக் கூட்டத்தில் கணக்கு வாசிக்கப்படும், தலைவரும் குழுவும் தேர்ந்தெடுக்கப்படுவார்கள், உறுப்பினர் ஒருவருக்கு ஒரு வாக்கு. எலெக்ட்ரோலக்ஸ் ஓட்விடபெரியில் வாங்கிய சொத்துகளில் ஆலை இருந்தது, எந்திரங்கள் இருந்தன, ஃபேசிட் என்ற பெயரும் இருந்தது. உறுப்பினர்களுக்குச் சொந்தமான கால்பந்துச் சங்கம் அந்தப் பட்டியலில் இல்லை.